லினக்ஸ் போட்டாச்சு, வைஃபை வரவில்லையா?

பெங்களூருக்கு வேலை தேடி வருகிற நம்மூர்ப் பிள்ளைகள் பலர் கையில் இப்போது ஒரு லேப்டாப்பும் அதில் புதிதாகப் போட்ட லினக்ஸும் இருக்கின்றன. மடிவாளாவிலோ பி.டி.எம். லேஅவுட்டிலோ ஒரு பி.ஜி. விடுதியில் கட்டில் பிடித்து, வைஃபை பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி உட்கார்ந்தால், திரை மூலையில் வைஃபை அடையாளத்தையே காணோம். மறுநாள் காலை ஆன்லைனில் இன்டர்வியூ. பக்கத்துக் கட்டில்காரர் "பேசாம லினக்ஸையே திரும்பப் போட்டுடுங்க பாஸ்" என்பார். இன்னொருவர் எங்கிருந்தோ நாலு வரிக் கட்டளையை எடுத்து அனுப்பி, அப்படியே ஒட்டச் சொல்வார்.

இரண்டும் வேண்டாம். அதே லினக்ஸைத் திரும்பப் போட்டால் அதே கர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) அதே ஃபர்ம்வேரும் (கார்டுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) தான் வந்து உட்காரும், கோளாறும் கூடவே வரும். யாருக்கோ எந்த வைஃபை கார்டுக்கோ எழுதிய கட்டளை உங்கள் கார்டுக்குப் பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. முதலில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பாருங்கள். கார்டு சிஸ்டத்துக்குத் தெரிகிறதா? தெரிந்தும் அணைந்து கிடக்கிறதா? டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) அதைப் பிடித்திருக்கிறதா? ஃபர்ம்வேர் ஏறியதா? எல்லாம் சரியாக இருந்து கோளாறு ரவுட்டர் பக்கமா? இந்த வரிசையில் போனால் இடம் தெரிந்துவிடும். தெரிந்தபின் சரிசெய்வது பெரும்பாலும் ஒரு வரி வேலைதான்.

உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஃபெடோரா வைத்திருப்பவர்களுக்கும் சோதனைகள் இவைதான், மென்பொருள் நிறுவும் கட்டளை மட்டும் மாறும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். எழுத்துகளைப் புள்ளி வைத்துப் பிரித்திருந்தால் எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டும், புள்ளியைத் தட்ட வேண்டாம்.

முதலில் நெட்டுக்கு ஒரு வழி

நெட் இல்லாததைச் சரிசெய்ய நெட் வேண்டும் என்பதுதான் இதில் பெரிய கூத்து. இதற்குக் கையிலேயே மருந்து இருக்கிறது: ஆண்ட்ராய்டு போனும் அதன் சார்ஜர் கேபிளும். போனை லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் போய் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி வழி இணைப்பாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது.

டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில மலிவுக் கேபிள்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகாது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. போன் பி.ஜி. வைஃபையில் இணைந்திருக்கும்போது டெதரிங் போட்டால், பெரும்பாலான போன்களில் அந்த வைஃபையே கேபிள் வழியாக லேப்டாப்புக்கு வரும். அன்றைய டேட்டா பேக் கரையுமே என்று கவலைப்படத் தேவையில்லை, மொபைல் டேட்டாவை அணைத்தே வைக்கலாம். நாளைக்கு இன்டர்வியூ என்றால் இன்றைக்கு இதோடு விட்டுவிடுங்கள். கேபிளிலேயே இன்டர்வியூவை முடித்துவிட்டு, நிதானமாக மீதியைப் பார்க்கலாம்.

நெட் வந்ததும் ஒருமுறை அப்டேட் எல்லாவற்றையும் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சிலருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

கார்டு கண்ணில் படுகிறதா?

டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

எல்.எஸ்.பி.சி.ஐ -என்.என்.கே

நீளமாக ஒரு பட்டியல் வரும். பயப்படாமல் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று இருக்கிற வரியைத் தேடுங்கள். 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்பது கம்பிக்கானது, அது வேறு. நமக்கு வேண்டிய வரியில் நிறுவனத்தின் பெயரும், கடைசியில் சதுர அடைப்புக்குள் நடுவில் முக்காற்புள்ளி வைத்த ஒரு குறியீடும் இருக்கும். அந்தக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் மாடல் பெயரைவிட அதுதான் முக்கியம். ஒரே மாடல் லேப்டாப்பிலேயே ஒரு தொகுதிக்கு இன்டெல் கார்டும் இன்னொரு தொகுதிக்கு ரியல்டெக் கார்டும் போட்டு விற்பார்கள். 8086 என்று தொடங்கினால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக், 14இ4 என்றால் பிராட்காம்.

அதற்குக் கீழேயே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் டிரைவர் கார்டைப் பிடித்துவிட்டது என்று பொருள். இந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதுதான் இனி எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லும்.

நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியே இல்லையா? எல்.எஸ்.யூ.எஸ்.பி என்று தட்டி யூஎஸ்பி பட்டியலையும் பார்த்துவிடுங்கள். அதிலும் இல்லையென்றால் எந்த டிரைவரைப் போட்டும் பயனில்லை, கார்டே சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. லேப்டாப்பை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகு போட்டுப் பாருங்கள். கார்டு ஏதோ அரைத்தூக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் இதில் விழித்துவிடும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) வயர்லெஸ் அணைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய லேப்டாப் என்றால், சர்வீஸ் செய்தவர் கார்டைச் சரியாக அழுத்தாமல் விட்டிருக்கவும் வாய்ப்புண்டு.

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்பதை அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. சில லேப்டாப்களில் கார்டைப் பாதி நிலையில் விட்டுவிட்டுப் போகும், லினக்ஸால் அதை எழுப்ப முடியாது.

அணைந்து கிடக்கிறதா?

ஆர்.எஃப்.கில் லிஸ்ட்

ஆர், எஃப், கில் மூன்றும் ஒட்டி ஒரே சொல். இதற்கு வரும் பதிலில் 'சாஃப்ட் பிளாக்ட்', 'ஹார்டு பிளாக்ட்' என்று இரண்டு வரிகள் இருக்கும். சாஃப்ட் பிளாக் என்றால் மென்பொருள் அணைத்திருக்கிறது. ஆர்.எஃப்.கில் அன்பிளாக் வைஃபை என்று தட்டினால் தீர்ந்தது. ஹார்டு பிளாக் என்றால் விசை எங்கோ அணைந்திருக்கிறது. பழைய திங்க்பேட், லாட்டிட்யூட் மாடல்களில் பக்கவாட்டில் சின்னதாக ஒரு தள்ளுவிசை இருக்கும், பையில் வைத்து எடுக்கும்போது தானாக நகர்ந்திருக்கும். மற்றவற்றில் மேல்வரிசையில் விமானம் அல்லது அலை படம் போட்ட விசை. லெனோவோ ஐடியாபேட் சிலவற்றில் தள்ளுவிசையே இல்லாமலும் ஹார்டு பிளாக் என்று காட்டும். அங்கே ஐடியாபேட்-லேப்டாப் என்ற கர்னல் துணுக்கு தவறாகச் சொல்கிறது என்று சந்தேகப்படலாம். சூடோ மோட்ப்ரோப் -ஆர் ஐடியாபேட்-லேப்டாப் என்று தட்டி அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தால் அது திரும்ப வந்துவிடும், அதனால் சோதித்துப் பார்ப்பதில் ஆபத்தில்லை.

டிரைவர் இருக்கிறது, ஆனாலும் வேலை செய்யவில்லை

இங்கேதான் ஃபர்ம்வேர் வருகிறது. டிரைவர் என்பது கர்னலோடு வருவது, கணினி பக்கத்தில் ஓடுவது. ஃபர்ம்வேர் கார்டுக்குள்ளே போய் ஓடுவது. கார்டு ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் டிரைவர் அந்தக் கோப்பை ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்து அதற்குள் ஏற்ற வேண்டும். கோப்பு இல்லையென்றால் டிரைவர் இருந்தும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

சூடோ டி.எம்.இ.எஸ்.ஜி என்று தட்டி, வரும் செய்திகளில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். இன்ன கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2 என்று வந்தால், அந்தக் கோப்பு உங்கள் டிஸ்கில் இல்லை என்று பொருள். ஒரு எச்சரிக்கை: இன்டெல் கார்டில் இந்த -2 வரிகள் நாலைந்து வரிசையாக வந்து, கடைசியில் 'லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்' என்று ஒரு வரி வந்தால், அது பிழையே அல்ல. டிரைவர் இருப்பதிலேயே புதிய பதிப்பிலிருந்து தேடத் தொடங்கி, கிடைக்கிற பதிப்பில் நிற்கும். சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் அதைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் உட்காராதீர்கள்.

உபுண்டு, மின்ட்டில் கோப்பு உண்மையிலேயே இல்லையென்றால்:

சூடோ ஏ.பி.டி இன்ஸ்டால் லினக்ஸ்-ஃபர்ம்வேர்

டெபியனில் இது நிறுவனவாரியாகப் பிரிந்திருக்கும். இன்டெலுக்கு ஃபர்ம்வேர்-ஐ.டபிள்யூ.எல்.வைஃபை, ரியல்டெக்குக்கு ஃபர்ம்வேர்-ரியல்டெக். டெபியன் 11 வரை இந்தக் கோப்புகள் கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதால் வழக்கமான நிறுவல் இமேஜில் சேர்க்க மாட்டார்கள். நிறுவும்போதே வைஃபை இல்லாமல் திண்டாட வேண்டியிருக்கும். 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி விதியை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் இமேஜிலேயே வருகிறது. யாரோ வைத்திருந்த பழைய பென்டிரைவை வாங்கி டெபியன் போட்டிருந்தால், உங்கள் பாதிக் கோளாறு அந்தப் பென்டிரைவில்தான் இருக்கிறது.

'டிரைவர் இன் யூஸ்' வரியே இல்லையென்றால்

பெரும்பாலும் இரண்டில் ஒன்று: கர்னல் உங்கள் கார்டைவிட வயதில் மூத்தது, அல்லது கார்டு பிராட்காம்.

கர்னல் வயதை யூநேம் -ஆர் என்று தட்டித் தெரிந்துகொள்ளலாம். லினக்ஸில் வைஃபை டிரைவர் கர்னலுக்குள்ளேயே வருவதால், கார்டு கடைக்கு வந்த பிறகு அதற்கான டிரைவர் கர்னலில் சேரச் சில மாதங்கள், சிலநேரம் அதற்கும் மேல் ஆகும். மீடியாடெக் 7921 கார்டுக்கு 5.12 கர்னல் வேண்டும். ரியல்டெக் 8852பிஇ கார்டுக்கு 6.2 வேண்டும். டெபியன் 12-இல் இருப்பது 6.1. எண்ணில் ஒரு படிதான் குறைவு, ஆனால் கார்டு அசையாது. எவ்வளவு கட்டளைகளை ஒட்டினாலும் அசையாது. பேக்போர்ட்ஸ் என்ற களஞ்சியத்தைச் சேர்த்துப் புதிய கர்னலை எடுத்தால்தான் வழி. அல்லது 6.12 கர்னலோடு 2025-இல் வந்த டெபியன் 13-க்குப் போய்விடலாம்.

மின்ட்டில் இது எளிது. அப்டேட் மேனேஜரைத் திறந்து 'வியூ' மெனுவில் 'லினக்ஸ் கர்னல்ஸ்' என்பதற்குப் போனால் புதியவை பட்டியலாக இருக்கும், தேர்ந்தெடுத்து நிறுவலாம். பழைய கர்னலை அழிக்காதீர்கள். புதியது ஒத்துவராவிட்டால் கணினி தொடங்கும்போது வரும் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பி வரலாம். உபுண்டு 22.04 முதலில் 5.15 கர்னலோடு வந்தது. அதை இன்னும் வைத்திருந்தால் லினக்ஸ்-ஜெனரிக்-எச்.டபிள்யூ.இ-22.04 என்ற பொதியைப் போடுங்கள், புதிய கர்னல் வரும்.

இதனால்தான், கம்பெனிகள் கழித்துக்கட்டிய நாலைந்து வருடப் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் வெண்ணெயாக ஓடுவதும், போன வாரம் வாங்கிய மலிவான புது லேப்டாப்பில் முரண்டு பிடிப்பதும். என்னைக் கேட்டால் லினக்ஸுக்கென்றே வாங்குபவர்கள் இன்டெல் கார்டு இருக்கிற பழையதையே எடுக்கலாம்.

பிராட்காமும் நீலத் திரையும்

பழைய டெல், எச்பி, மேக்புக் சிலவற்றில் இருக்கும் பிராட்காம் 43142 போன்ற கார்டுகளுக்கு, நிறுவனமே தந்த மூடிய டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்'. திறந்தால் தானாகவே காட்டும், தேர்ந்தெடுத்தால் போதும். மின்ட்டில் நெட் இல்லாமலும் செய்யலாம்: நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவைத் திரும்பச் செருகினால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

நிறுவும்போது நடுவில் ஒரு பாஸ்வேர்டை உருவாக்கச் சொல்லிக் கேட்டால், உங்கள் லேப்டாப்பில் செக்யூர் பூட் (கையொப்பமில்லாத டிரைவரை ஏறவிடாத பாதுகாப்பு) ஆனில் இருக்கிறது. இது லாகின் பாஸ்வேர்டு அல்ல, ஒரே முறை பயன்படுத்தப்போவது. எளிதாக ஒன்றைக் கொடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வரும். பலர் ஏதோ வைரஸ் என்று பயந்து பவரை அணைத்துவிடுகிறார்கள், அல்லது பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அது தானாகப் போவதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். பத்து விநாடிதான் நிற்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் மோக்', 'கன்டின்யூ', 'யெஸ்' என்று போய் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் டிரைவர் டிஸ்கில் இருக்கும், ஆனால் கர்னல் அதை ஏற்காது. கையால் ஏற்றப் பார்த்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று முகத்தில் அடிக்கும்.

பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டும் தப்பிக்கலாம். ஆனால் கூடவே விண்டோஸும் இருந்து அதில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஆனில் இருந்தால், அடுத்த முறை விண்டோஸ் நீளமாக ஒரு மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள்.

எவரோ எழுதி இணையத்தில் வைத்திருக்கும் டிரைவரைக் கொண்டுவந்து கம்பைல் செய்வது கடைசி வழி. கர்னல் அப்டேட் ஆனதும் அது செத்துப்போகும். போட்டே தீர வேண்டுமென்றால் டி.கே.எம்.எஸ் வழியாகப் போடுங்கள், கர்னல் மாறும்போதெல்லாம் அதுவே திரும்பக் கட்டிக்கொள்ளும். லினக்ஸ்-ஹெடர்ஸ் பொதியும் உடன் இருக்க வேண்டும்.

வருகிறது, விட்டு விட்டு வருகிறது

மின்சேமிப்புதான் முதல் சந்தேகம். உபுண்டுவில் ஈ.டி.சி கோப்புறைக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி (இங்கே மட்டும் புள்ளியும் பெயரின் பகுதி) என்ற கோப்புறையில் வைஃபை பவர்சேவ் பற்றிய கோப்பு இருக்கும். அதில் 3 என்றிருப்பதை 2 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், வீடியோ கால் நடுவில் அறுவது குறையும்.

லேப்டாப்பை மூடித் திறந்ததும் மட்டும் வைஃபை போகிறது, இன்டெல் கார்டு என்றால், சூடோ மோட்ப்ரோப் -ஆர் ஐ.டபிள்யூ.எல்.எம்.வி.எம் ஐ.டபிள்யூ.எல்.வைஃபை என்று இறக்கிவிட்டு, சூடோ மோட்ப்ரோப் ஐ.டபிள்யூ.எல்.வைஃபை என்று திரும்ப ஏற்றுங்கள். ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் சிக்னல் வருகிறது, கார்டு ரியல்டெக் 8723பிஇ என்றால், அதில் ஆன்டெனா ஒன்றுதான், டிரைவர் தவறான முனையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏ.என்.டி_எஸ்.இ.எல் என்ற அமைப்பை 1 அல்லது 2 என்று மாற்றிப் பார்க்கலாம்.

டிரைவர் மீது பழி போடாதீர்கள்

வைஃபை இணைந்துவிட்டது, பக்கம் மட்டும் திறக்கவில்லை. பிங் 8.8.8.8 என்று தட்டிப் பாருங்கள். பதில் வந்தால் டிரைவர் நிரபராதி, பெயரை எண்ணாக மாற்றுகிற டிஎன்எஸ்ஸில் கோளாறு. பதில் இல்லையென்றால், பி.ஜி.யிலும் காபிக் கடையிலும் விமான நிலையத்திலும் இருப்பது போல போன் நம்பர் கேட்டு ஓடிபி அனுப்புகிற பக்கம் ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கலாம். அது தானாகத் திறக்காவிட்டால் பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று தட்டுங்கள், அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். விபிஎன் ஆனில் இருந்தால் அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பழைய லேப்டாப்பில் எல்லாத் தளமும் 'பாதுகாப்பில்லை' என்று சொன்னால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி செத்து, கணினி ஏதோ ஒரு பழைய வருடத்தில் உட்கார்ந்திருக்கும்.

போனில் தெரிகிற '5ஜி' (5 கிகாஹெர்ட்ஸ்) என்று முடியும் வைஃபை பெயர் லேப்டாப்பில் தெரியவில்லையா? கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிப்பதாக இருக்கும், ரியல்டெக் 8723டிஇ அப்படித்தான். அதற்கு மருந்து டிரைவர் இல்லை, வேறு கார்டு.

காசு கொடுத்துத் தீர்ப்பது

எல்லாம் பார்த்தும் முடியவில்லை என்றால் சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு நடங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கன்னடம் இன்னும் வராவிட்டாலும் தமிழிலும் இந்தியிலும் சமாளிக்கலாம். ஆனால் "லினக்ஸில் வேலை செய்யுமா" என்று கேட்காதீர்கள், "செய்யும் சார்" என்றுதான் பதில் வரும். உள்ளே என்ன சிப் என்று கேளுங்கள்.

யூஎஸ்பி டாங்கிள் (வெளியே செருகும் சின்ன வைஃபை கார்டு) என்றால் பெட்டி மீதுள்ள பெயரை மட்டும் நம்ப முடியாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற டாங்கிளின் முதல் பதிப்பில் இருந்தது ஆதெரோஸ் சிப், செருகியதும் லினக்ஸில் ஓடும். இரண்டாம் பதிப்பிலிருந்து அதே பெயரில் ரியல்டெக் சிப். மீடியாடெக் 7610, 7612 சிப் உள்ளவை என்றால் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. சில டாங்கிள்கள் செருகியதும் விண்டோஸ் டிரைவர் அடங்கிய சிடி டிரைவாகத் தம்மைக் காட்டிக்கொள்ளும். அந்த டிரைவை 'எஜெக்ட்' செய்தால் வைஃபையாக மாறும்.

உள்ளே இருக்கும் கார்டையே மாற்ற நினைத்தால் இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 கேளுங்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று நீட்டினால் வாங்காதீர்கள். பார்க்க அச்சு அசல் ஒன்றாக இருக்கும், ஆனால் அவை அதற்கென்றே அமைந்த இன்டெல் போர்டுகளில் மட்டும்தான் உயிர்பெறும். ஏஎக்ஸ்210-க்குக் கர்னல் 5.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். பழைய லெனோவோ, எச்பி லேப்டாப்கள் சில, தம் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் கணினியைத் தொடங்கவே விடாது. அதனால் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டி, திரை வந்து எல்.எஸ்.பி.சி.ஐ-யில் புதிய கார்டின் பெயர் தெரிந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.